பத்துக்குப் பத்து அறையில் சுவரோடு மடங்கும் கட்டில்: அளவு எடுப்பதிலிருந்து முதல் மழைக்காலம் வரை

புதுச்சேரி, கடலூர் பக்கம் பத்துக்குப் பத்து அறை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். பகலில் பிள்ளை படிக்க, யாராவது வீட்டிலிருந்து வேலை பார்க்க, ராத்திரி விருந்தாளி படுக்க என்று எல்லாவற்றுக்கும் அதே அறைதான். நீளப்பக்கம் சுவரை ஒட்டியபடி சுவரோடு மடங்கும் ஒற்றைக் கட்டிலும், அதன் முதுகிலேயே இறங்கும் மேசையும் அங்கே நன்றாக வேலை செய்யும்.

செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மைக்கா நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். பிறகு பிளைவுட், அதற்குப் பிறகு கீல், கடைசியில் சுவர். இந்த வரிசை தலைகீழ். சுவர் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தே கட்டிலின் வகை அமையும். வகை தெரிந்தால்தான் இரும்புச் சாமான் எதுவென்று தெரியும், அந்தச் சாமான் கையில் வந்த பிறகே மரத்தை அறுக்க அளவு கிடைக்கும். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முன்கூட்டியே வேண்டியவை

டேப், ரசமட்டம், மூலமட்டம், ஹேமர் டிரில், சாக்குக்கட்டி, ஒரு பெரிய பிளாஸ்டிக் தாள், பயணப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு. பிளைவுட்டை நேராக அறுக்க டேபிள் ரம்பம் வேண்டும். அது உங்களிடமோ ஆசாரியிடமோ இல்லையென்றால் கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள். வாடகை வீடாக இருந்தால் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

1. தரையில் கோடு போடுங்கள்

72க்கு 36 அங்குல மெத்தைக்கு, கட்டில் விரிந்த நிலையில் சுவரிலிருந்து சுமார் 41 அங்குலம் வெளியே வரும். நீளம், கட்டில் மடங்கி உட்காரும் பெட்டியோடு சேர்த்து 6 அடி 5 அங்குலம். இந்தச் செவ்வகத்தைச் சாக்குக்கட்டியால் தரையில் வரைந்து ஒரு வாரம் விட்டுவையுங்கள்.

கதவு திறக்கும்போது கோட்டைத் தொடுகிறதா, பீரோ கதவு முழுசாகத் திறக்கிறதா, நடக்க இரண்டடி மிஞ்சுகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மடக்கிய நிலையின் அளவை மட்டும் எடுத்துவிட்டுக் கட்டில் செய்பவர்கள் நிறைய. ராத்திரி கட்டிலை இறக்கிய பிறகு கழிவறைக்குப் போக வழி இல்லாதபோதுதான் அவர்களுக்கு விஷயம் உறைக்கும்.

தலை எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வடக்கே தலைவைத்துப் படுக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். சுவர் தெற்கு வடக்காக ஓடினால் தெற்குமுனைதான் தலைமாடு, விளக்கும் சார்ஜர் பிளக்கும் அந்த முனையில் வர வேண்டும். பெட்டி மாட்டிய பிறகு வயர் இழுப்பது இரண்டு செலவு.

2. சுவரைச் சோதியுங்கள்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பார்க்க வேண்டியவை இரண்டு: சுவர் பிடிக்குமா, சுவர் ஈரமாக இருக்கிறதா.

முதலில் பிடிப்பு. பெட்டி மறைக்கப்போகும் இடத்தில் 6 மி.மீ. பிட்டால் ஒரு சோதனைத் துளை போட்டுத் தூளைப் பாருங்கள். முதல் அரை, முக்கால் அங்குலம் பூச்சு. அது கணக்கில் சேராது. அதற்குப் பிறகு சிவப்புத் தூள் தொடர்ந்து வந்தால் செங்கல், நல்லது. சாம்பல் தூள் வந்து பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். சாம்பல் தூளே விடாமல் வந்தால் கான்கிரீட்டோ, சாம்பல் கல்லோ இருக்கும். வெள்ளையாக, மாவு போல வந்தால் சுண்ணாம்புக் காரை. முத்தியால்பேட்டை, கடலூர் முதுநகர்ப் பழைய வீடுகளில் இதை எதிர்பாருங்கள்.

செங்கல்லில், துளைக்குள் விரிந்து பிடிக்கும் 10 மி.மீ. ஆங்கர் போல்ட் போதும். அது பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் இரண்டரை அங்குலமாவது போக வேண்டும். துளை கல்லின் நடுவில் இருக்கட்டும். இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் போட்டால் முறுக்கும்போதே சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

ஹாலோ பிளாக்கிலும் சுண்ணாம்புச் சுவரிலும் விரிந்து பிடிக்கும் போல்ட்டை நம்பாதீர்கள். ஒன்றில் விரிய இடம் இருக்கிறது, பிடிக்க ஆளில்லை. மற்றதில் விரிய விரியச் சுவர் நொறுங்கும். அங்கே சுவரின் மறுபக்கம் வரை போல்ட்டை விட்டுத் தகடு வைத்து நட்டு போடலாம், அல்லது பசை ஊற்றிப் பிடிக்க வைக்கும் கெமிக்கல் ஆங்கர் போடலாம். நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தால் வேறு சுவரைப் பார்ப்பதே மேல்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். உள்ளே பைப்பில் வயர் அந்த வழியில்தான் ஓடும்.

அடுத்து ஓதம். பிளாஸ்டிக் தாளை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம்தான், அதைச் சமாளிக்கலாம். சுவர் ஈரமாக இருந்தால் அதைச் சரிசெய்யாமல் கட்டில் வைக்கக் கூடாது. குளியலறைக்கு முதுகு கொடுத்த சுவரும் பிற்பகல் முழுக்க வெயில் தின்னும் மேற்குச் சுவரும் வேண்டாம்.

3. நிமிர்ந்து மடங்குவதா, படுத்து மடங்குவதா

நிமிர்ந்து மடங்கும் கட்டில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். படுத்து மடங்குவது நாலடிக்குள் அடங்கிவிடும், அதன் தலையில் புத்தகம் வைக்கலாம், மேலே ஜன்னல் இருந்தாலும் மறைக்காது.

ஆனால் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஒரே எடையுள்ள பலகையை ஆறரை அடி நீளவாட்டில் தூக்குவதற்கும் மூன்றடி அகலவாட்டில் தூக்குவதற்கும், கீலின் மேலும் சுவரின் மேலும் வரும் இழுப்பில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். முதல் முறை செய்பவர்கள் படுத்து மடங்குவதையே எடுங்கள். இரண்டு பேர் படுக்கும் அகலத்தை இந்த வழிகாட்டியை வைத்துச் செய்யாதீர்கள்.

4. இரும்புச் சாமானை முதலில் வாங்குங்கள்

சுவர்க் கட்டிலுக்கான சுழல் அச்சு, கால், பிடி எல்லாம் சேர்ந்த செட்டாகக் கிடைக்கிறது. படுத்து மடங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். துளை போடும் அச்சுத்தாளும் கூடவே வரும். அதில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் அறுப்பளவைத் தீர்மானிக்கும். மரத்தை அறுத்து முடித்த பிறகு செட் வாங்கினால், அரை அங்குலம் இடிக்கும் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கதவுக் கீலையோ பியானோ கீலையோ வைத்து ஒப்பேற்றாதீர்கள். அவை கதவைத் தாங்கச் செய்தவை, ஆளைத் தாங்க அல்ல.

அடுத்து உப்புக்காற்று. கடற்கரையிலிருந்து எத்தனை தெரு தள்ளி இருக்கிறீர்கள் என்பது இங்கே முக்கியம். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் மாதிரி இடங்களில் வெறும் முலாம் பூசிய இரும்பு சீக்கிரமே சிவக்கும். திருகு, கால், தாழ்ப்பாள் எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ஆக இருக்கட்டும். கடலுக்கு முதல் தெரு என்றால் கிடைக்கும் இடத்திலெல்லாம் 316 வாங்குங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல எஸ்.எஸ். என்று கடைக்காரர் சொல்வார். மலிவான 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை நம்பாமல், 304 என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை.

இன்னொரு சறுக்கல்: கீல் எஸ்.எஸ்., திருகு சாதா இரும்பு. இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் திருகு இன்னும் வேகமாக அரித்துப் போகும். கீல் பளபளப்பாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் திருகு உள்ளுக்குள் இருக்காது.

5. பிளைவுட்

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும்) பிளைவுட், 18 மி.மீ., எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு. கடையில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்ற சொல்லை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள், ஷீட்டின் மேல் முத்திரையைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துண்டைப் பழைய பாத்திரத்தில் நாலைந்து மணி நேரம் கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் அது 710 இல்லை.

பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். மடக்குச் சாமான்களில் எல்லாப் பாரமும் சில திருகுகளின் மேல் விழுகிறது. ஐப்பசி ஈரத்தில் அந்தப் பலகை ஊதிப் பெருத்தால் திருகு கையோடு வரும். பழைய தேக்கு எடுத்துப் போடலாமா என்று இங்கே நிறையப் பேர் கேட்பார்கள். இடித்த வீட்டுத் தேக்கு அருமையான மரம்தான், ஆனால் எடை அதிகம். ஓரச்சட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் கணக்கு இது. முதல் ஷீட்டில் 74க்கு 38 அங்குலக் கட்டில் பலகை. மிஞ்சும் துண்டிலேயே 48க்கு 20 அங்குல மேசைப் பலகையும், பெட்டியைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடிக்க ஒரு சுவர்ச் சட்டமும் வந்துவிடும். இரண்டாவது ஷீட்டை நீளவாட்டில் 14 அங்குலமாக மூன்று பட்டையாக அறுங்கள். ஒன்றில் பெட்டியின் மேல்பலகை, ஒன்றில் அடிப்பலகை, மூன்றாவதில் 42 அங்குல உயரத்துக்கு இரண்டு பக்கப் பலகை. மிஞ்சும் ஐந்தங்குலப் பட்டை இரண்டாவது சுவர்ச் சட்டம். செட்டின் அச்சுத்தாள் வேறு அளவு சொன்னால் அதன்படியே போங்கள்.

அறுத்த ஓரங்கள் எல்லாவற்றையும், கண்ணுக்குத் தெரியாதவற்றையும் சேர்த்து, வார்னிஷோ பிரைமரோ இரண்டு கை பூசுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தின் வழியாகத்தான்.

ஆசாரியிடம் கூலி பேசும்போது ஒரு வார்த்தை. சதுர அடிக் கணக்கு இந்த வேலைக்குப் பொருந்தாது. பரப்பு கொஞ்சம், நுணுக்கம் அதிகம். சதுர அடிக்குப் பேசினால் அவருக்குக் கட்டாது, அவசரமாக முடிப்பார். ‘அண்ணே, மொத்தமா ஒரு தொகை சொல்லுங்க, மாட்டி ஓட்டிக் காட்டினப்புறம் பாதி’ என்று பேசிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

6. பெட்டியைச் சேர்த்துச் சுவரில் மாட்டுதல்

பெட்டிக்கு முதுகுப்பலகை வேண்டாம். அடைத்தால் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் பூஞ்சை பிடிக்கும். புதுச்சேரியில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியின் அறைக் கதவுகளைப் பார்த்தால் இந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று புரியும்: தேக்குப் பட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சம் விலக்கி வைத்த நழுவு கதவு, ஆளை மறைக்கும், காற்றை மறைக்காது. நம் பெட்டியிலும் பக்கப் பலகைகளில் அப்படி நாலைந்து கீற்றுத் துளை வைத்துவிடுங்கள்.

பலகையின் ஓரத்தில் திருகு போடும்போது மெல்லிய பிட்டால் முன்துளை போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அடுக்கு பிளக்கும். மூலைகளில் எஸ்.எஸ். எல் வடிவத் தகடும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பார்த்து, இரண்டும் சமமாக வந்த பிறகே முறுக்குங்கள். ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) மாறினாலும் பலகை ஒரு பக்கம் உரசும்.

பெட்டி தரையைத் தொடக் கூடாது. நாலங்குல எஸ்.எஸ். கால் வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வெள்ளமே வராவிட்டாலும், தினம் தரை துடைக்கும் ஈரத்திலிருந்து அடிப்பலகை தப்பும்.

சுவர்ச் சட்டம் இரண்டையும் பெட்டிக்குள், மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பக்கப் பலகைகளோடு திருகி, அவற்றின் வழியாகச் சுவரில் போல்ட் போடுங்கள். மேல் சட்டத்துக்கு நாலு, கீழ் சட்டத்துக்கு மூன்று. போல்ட் வரும் இடங்களில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குலக் கட்டை கொடுத்தால் காற்று ஓடும். மேல் சட்டம்தான் முக்கியம், கட்டிலை இறக்கும்போது பெட்டி முன்னால் சாய முயல்வதைப் பிடித்து நிறுத்துவது அதுதான். முறுக்குவதற்கு முன் ரசமட்டம் பாருங்கள். தரையை நம்பி மட்டம் வைக்காதீர்கள், பழைய வீட்டுத் தரை தண்ணீர் ஓடச் சாய்த்தே போட்டிருப்பார்கள்.

7. பலகை, கால், மெத்தை

கட்டில் பலகையில் ஆறங்குலத்துக்கு ஒன்றாக, ஓரங்குலத் துளைகள் போடுங்கள். மடக்கி வைத்த மெத்தை இருட்டில் ஈரத்தோடு நிற்பதால், இந்தத் துளை இல்லாவிட்டால் கார்த்திகைக்குள் கறுப்புப் புள்ளி வந்துவிடும். சுற்றிலும் இரண்டங்குல உயரச் சட்டம் வைத்தால் மெத்தை நழுவாது. பெல்ட் இரண்டு போட்டுக் கட்டுங்கள்.

பலகைக்கும் பெட்டிக்கும் நடுவில் இரு பக்கமும் இரண்டு நூல் இடைவெளி. வேலை கோடையில் நடந்தால் இதில் கறாராக இருங்கள். வைகாசியில் ஒட்டி நிற்பது ஐப்பசியில் சிக்கிக்கொள்ளும்.

மெத்தை நாலங்குல ஃபோம். இலவம்பஞ்சு மெத்தை படுக்க எத்தனை சுகமானாலும் இதற்கு ஆகாது. நிமிர்த்தினால் பஞ்சு கீழே இறங்கிக் கட்டி தட்டும்.

முன்கால் இரண்டும் கட்டில் இறங்கும்போது தானாக விழும் வகையாக இருக்கட்டும். கையால் விரிக்கும் கால் என்றால் ஒருநாள் யாராவது மறப்பார்கள், மறந்த அன்று முழுப்பாரமும் சுழல் அச்சின் மேல் விழும்.

8. எடை பார்த்து ஹைட்ராலிக் போடுதல்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஹைட்ராலிக் என்பது கட்டிலைத் தள்ளித் தூக்க உதவும், காஸ் அடைத்த குழாயும் தண்டும். கட்டில் கனமாக இருக்கும் என்று நினைத்துப் பெரிய ஹைட்ராலிக் வாங்கிவிடுகிறார்கள். பிறகு கட்டில் இறங்க மறுக்கிறது, அல்லது மெத்தையை எடுத்தவுடன் துள்ளி எழுகிறது.

மேசைப் பலகை, மைக்கா, மெத்தை எல்லாம் மாட்டிய பிறகே எடை பாருங்கள். மைக்கா ஒரு ஷீட் மட்டுமே சுமார் நாலு கிலோ. இருவர் சேர்ந்து கட்டிலை மட்டமாகப் பிடித்து, முன் ஓரத்தின் நடுவில் தொங்கு தராசை மாட்டித் தூக்குங்கள். தராசு 13 கிலோ காட்டுகிறது, சுழல் அச்சிலிருந்து முன் ஓரம் இரண்டேகால் அடி என்று வையுங்கள். பெருக்கினால் 29 சொச்சம். ஹைட்ராலிக் தண்டு தள்ளும் கோட்டுக்கும் அச்சுக்கும் செங்குத்துத் தூரம் அரை அடி என்றால், 29ஐ அரையால் வகுக்க 58 கிலோ. இரண்டு பக்கமும் பங்கிட்டால் பக்கத்துக்கு 29. கடையில் நியூட்டன் கணக்கு என்பதால் 9.8ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 285.

இப்போது அதற்குக் கொஞ்சம் குறைவாக, 250 நியூட்டன் வாங்குங்கள். குறைத்தால்தான் கட்டில் தன் எடையிலேயே கீழே நிற்கும், தூக்கும்போது ஒரு கையின் உதவி போதும். உங்கள் கட்டிலின் எண் வேறாக வரும். இந்த 250ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டும்போது குழாய்ப்பக்கம் மேலே கட்டில் பலகையிலும், தண்டுப்பக்கம் கீழே பெட்டியிலும் வரட்டும். கட்டில் மடங்கி நிற்கும் நேரமே அதிகம், அப்போது உள்ளிருக்கும் எண்ணெய் இறங்கி, தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் ‘சீல்’ நனைந்தபடி இருக்கும், காஸ் கசியாது.

மெத்தையில்லாமல் ஹைட்ராலிக்கை மாட்டி ஓட்டிப் பார்க்கவே கூடாது. மேலே சொன்ன கணக்கில் வெறும் பலகையை அது தானே தூக்கிவிடும், குனிந்து பார்ப்பவர் தாடையில் அடிக்கும். பிறகு மெத்தையை வெயிலில் காயப்போடும் நாளிலும் கட்டில் தாழிட்டபடி இருக்கட்டும்.

9. மேசையும் தாழ்ப்பாளும்

மேசைப் பலகை கட்டிலின் வெளிமுதுகில், தரையிலிருந்து 30 அங்குல உயரத்தில் கீலோடு இறங்கும். முன்பக்கம் அதற்கென்று மடக்குக் கால் வேண்டும். சங்கிலி போட்டுத் தொங்கவிடுவது பார்க்க அழகு, ஆனால் முழங்கை ஊன்றி எழுதும்போது அந்தப் பாரம் முழுவதும் கட்டிலை முன்னால் இழுக்கும்.

அதனால்தான் பெட்டியின் மேல்மூலை இரண்டிலும் கனமான தாழ்ப்பாள். காந்தப் பிடி போதாது. தாழ்ப்பாள் சின்னக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வராது என்பதால், மூன்று நாலு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் பூட்டு வைத்த தாழ் போடுங்கள்.

10. முதல் மழைக்காலம்

முதல் மாதம் முடிந்ததும் எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்குங்கள். புது மரம் கொஞ்சம் படியும், அதோடு சேர்ந்து திருகும் தளரும்.

காலையில் எழுந்தவுடன் கட்டிலை மடக்காதீர்கள். ஃபேனைப் போட்டு அரை மணி நேரம் விரித்தே விட்டால் உடம்பின் வியர்வை ஈரம் போய்விடும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாரத்துக்கு ஒருநாள் முழுப்பகலும் விரித்து வையுங்கள்.

ஹைட்ராலிக் தண்டையும் கீலையும் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடையுங்கள். உப்புப் படிவதைத் துடைத்துவிட்டால் பாதிக் கவலை இல்லை. தண்டில் எண்ணெய் தடவ வேண்டாம், தூசியைப் பிடித்து அந்த ரப்பர் ‘சீலை’க் கெடுக்கும்.

மேல் சட்டத்துப் போல்ட்களைச் சுற்றிப் பூச்சில் விரல் வைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசலோ, உதிரும் தூளோ தெரிந்தால் கட்டிலைத் தாழிட்டு அப்படியே விட்டுவிட்டு, அந்தப் போல்ட்டைக் கழற்றி வேறு கல்லில் புதுத் துளை போட்டு மாட்டிய பிறகு பயன்படுத்துங்கள்.